மூவாயிரம் ரூபாய்க்குக் கழுத்தை விற்பதா?

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. தாராவியிலிருந்து மாட்டுங்கா பக்கம் இட்லி விற்கப் புறப்பட்ட நம் சங்க உறுப்பினர் ஒருவர், கிங் சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விளக்கைக் கண்டு தம் பழைய மொபெட்டை நிறுத்தினார். பின் இருக்கையில் இட்லிப் பாத்திரம், பக்கத்தில் சாம்பார்த் தூக்கு, சட்னி டப்பா. பின்னால் வந்த கார் நிற்கவில்லை. மொபெட் பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. இட்லியெல்லாம் மழைத் தண்ணீரில் மிதந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் உயிர் பிழைத்தார்.

காரிலிருந்து இறங்கியவர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "போலீஸ், கோர்ட்டு என்று போனால் உனக்கும் தொல்லை, எனக்கும் தொல்லை" என்றார். மூவாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஒரு காகிதத்தில் மராத்தியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நம்மவரும் வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கமாட்டார்? அன்றைய வியாபாரம் போயிற்று, பாத்திரம் நசுங்கிற்று; மூவாயிரம் என்பது அந்த நேரத்தில் பெரிய தொகையாகத்தான் தெரியும். உடம்பிலோ ஒரு கீறல் கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பத்தாம் நாள் வலது கை மரத்துப் போயிற்று. ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இட்லிப் பாத்திரத்தைத் தூக்காமல் இட்லி விற்பது எப்படி என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

பின்னாலிருந்து இடிபடும் விபத்தின் குணமே இதுதான். முன்னால் மோதினால் ரத்தம் தெரியும். பின்னால் இடித்தால் தலை ஒரு நொடியில் பின்னுக்குப் போய் முன்னுக்கு வெட்டும். கழுத்துத் தசையும் நரம்பும் அடிபடும். அந்த வலி மறுநாளோ மறுவாரமோதான் தலைகாட்டும். அதற்குள் கார் போய்விடும், காகிதத்தில் கையெழுத்தும் போய்விடும். நடுரோட்டில் மாண்ட்வலி பேசுகிறவர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இனி நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறுப்பினருக்கு வயது 38. செலவு போக மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவராயிருந்தால், வருங்கால வருமான உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2017 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்கு இதைப் பதினைந்தால் பெருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வகுத்த அட்டவணை. 37,80,000 ரூபாய் வருகிறது. உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு இருபது போயிற்று என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டாலே 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவும், படுத்திருந்த நாட்களின் வருமானமும், பட்ட வலிக்கான தொகையும் தனி. இது யாரும் போடும் பிச்சை அல்ல. சட்டம் கொடுக்கும் உரிமை. அந்தக் கார்க்காரரின் கையிலிருந்துகூட இந்தப் பணம் போகாது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது என்பது சட்டம். ஆகவே கொடுக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. நாம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஏழரை லட்சம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம்!

"எங்களுக்கு ஏது சம்பளச் சீட்டு? வருமானத்தை எப்படி நிரூபிப்பது?" என்று கேட்பார்கள். 2014ல் சுப்ரீம் கோர்ட்டின் முன்னால் வந்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு காய்கறி வியாபாரி. விபத்தில் காலை இழந்தவர். வருமானத்துக்குக் காகிதம் கிடையாது. காய்கறி விற்பவரிடம் காகிதம் கேட்காதே, மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொள் என்றது கோர்ட்டு. காய்கறிக்காரருக்குச் சொன்னது இட்லிக்காரருக்கும் பொருந்தும், கட்டடச் சித்தாளுக்கும் பொருந்தும். டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்படும் இழப்பின் சதவீதம் வேறு என்பதையும் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. மேசை முன் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கு மரத்துப் போன கை ஒரு குறை. பாத்திரம் தூக்குகிறவருக்கு அதுவே பிழைப்பு.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து இட்லித் தட்டு வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் விபத்தில் சிக்கினால், போலீஸ்காரர் தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறார், நாமும் தலையாட்டுகிறோம். வீட்டு வேலைக்கும் வருமான மதிப்பு உண்டு, அதைக் கணக்கிட்டே ஆகவேண்டும் என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தியிருக்கிறது. மாவு அரைப்பதும் இட்லி அவிப்பதும் தொழில் என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி விஷயத்தின் நடுமையத்துக்கு வருவோம். பின்னால் வருகிறவன், முன்னே போகிறவன் திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட்டு வரவேண்டும். 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் இது இருந்தது. 2017ல் அதன் இடத்துக்கு வந்த ஓட்டுநர் விதிகளிலும் இருக்கிறது. லாரியின் பின்னால் கார் மோதிய ஒரு வழக்கில், 2018ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த விதியைச் சுட்டிக்காட்டித்தான் லாரிக்காரரின் அலட்சியம் நிரூபணமாகவில்லை என்று முடிவு செய்தது. ஆகவே பின்னாலிருந்து இடிபட்டவர் பக்கம் சட்டம் சாய்ந்து நிற்கிறது.

ஆனால் அந்தச் சாய்வைக் கெடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். "முன்னால் போன வண்டி திடீரென்று பிரேக் போட்டது" என்ற வாக்கியம். கோவையில் 2017 ஜனவரியில் ஓர் எஞ்சினியரிங் மாணவர் மோட்டார் சைக்கிளில் போனார். முன்னே போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றது. அதன் பின்புறம் மோதி விழுந்தவர் மேல் பஸ் ஏறியது. ஒரு கால் போயிற்று. எட்டாண்டுகள் வழக்காடி, 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, எச்சரிக்கை இல்லாமல் நிறுத்திய காரின் மேல் நூற்றுக்கு ஐம்பது, பஸ்ஸின் மேல் முப்பது, இடைவெளி விடாத மாணவர் மேல் இருபது என்று பொறுப்பைப் பிரித்தது. நல்ல தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் இதே நியாயத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் நம் பக்கம் திருப்புவார். சிக்னலில் நின்றுகொண்டிருந்தவரை, 'திடீரென்று நின்றவர்' என்று மாற்றப் பார்ப்பார். அதற்கு அவருக்கு வேண்டிய சாட்சியம் எங்கே இருக்கும்? நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மராத்திக் காகிதத்தில்!

போலீஸ் நிலையத்தில் எழுதுவதும் மராத்தியில்தான். அதில் தவறில்லை, அது இந்த மாநிலத்தின் மொழி, நாமும் நம் பிள்ளைகளும் கற்க வேண்டிய மொழி. ஆனால் எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டவேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. 'இது எங்கள் எல்லை இல்லை' என்று விரட்டுவதற்கும் இப்போது இடமில்லை. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டப்படி, எந்த நிலையமும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும். மராத்தி படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது. வண்டி நின்றிருந்ததா ஓடியதா, விளக்கு என்ன நிறம், இடிபட்டது எந்தப் பக்கம் என்ற மூன்றும் பஞ்சநாமாவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மொபெட்டை மறுநாளே மெக்கானிக்கிடம் கொடுத்து நிமிர்த்திவிடாதீர்கள். வளைந்த பின் சக்கரம் பேசும் சாட்சியை எந்த வக்கீலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், வாகன விபத்து என்று சொல்லி எழுதவைக்க வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு; போலீஸ் பயம்தான் காரணம். அந்த ஒரு பொய் பிறகு லட்சக்கணக்கில் நம்மைக் கடிக்கும். செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அதற்கென்று குறித்த ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு.

இதையெல்லாம் ஊருக்கு உபதேசமாகச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்த மாண்ட்வலிப் பழக்கத்தை வளர்த்ததில் நம் சங்கத்துக்கும் பங்கு உண்டு. கடந்த காலத்தில் எத்தனை விபத்துகளுக்கு நம் பொறுப்பாளர்களே நடுவராய் நின்று ஐயாயிரம், பத்தாயிரம் என்று பேசி முடித்தார்கள்! முடித்துவிட்டு, 'சங்கம் வாங்கிக் கொடுத்தது' என்று பெருமையும் பேசினோம். அன்று அது உதவி என்றே நினைத்தோம். இன்று அந்தக் குடும்பங்களில் சிலவற்றைப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. இனி நம் சங்க அறையில் விபத்துக்கு மாண்ட்வலி பேசுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்யவேண்டும் என்பது நம் கோரிக்கை.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழில் பேசுவார்கள், 'அண்ணாச்சி' என்று உறவு கொண்டாடுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். நட்டஈட்டில் பங்கு பேசி வழக்கு நடத்தக் கூடாது என்று வக்கீல்களைப் பார் கவுன்சில் விதிகள் தடுத்திருக்கின்றன. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஊனமுற்றவருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தவர்க்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் பேச அழைத்தால் போகலாம். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பணத்தைக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போடவேண்டும் என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நடுவில் எவர் கணக்கும் வேண்டாம்.

இப்போது அரசாங்கத்திடம் வருகிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று முதலில் கெடு வைத்தது. ஏழைகளால் முடியவில்லை என்று கண்டு 1994ல் பாராளுமன்றமே அந்தக் கெடுவை எடுத்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் கெடு இல்லாமல் இருந்தது. நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. பிறகு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கிவிட்டார்கள்.

இந்த ஆறு மாதம் யாருக்குக் கெடு? கார் வைத்திருப்பவருக்கா? அவருக்கு வக்கீல் தொலைபேசியில் கிடைக்கிறார். குடும்பத் தலைவன் இங்கே ரோட்டில் செத்தால், நாம் என்ன செய்கிறோம்? உடலைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோகிறோம். பதினாறாம் நாள் காரியம் நடக்கிறது. தாலி அறுத்த பெண்ணை உடனே அனுப்ப ஊரில் மனம் வருமா? பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்க்கிறார்கள். இங்கே கோலிக்கு வாடகை கட்ட ஆளில்லை. சாமான்கள் ஊருக்குப் போகின்றன. யாரோ ஒருவர் நட்டஈடு என்று ஒன்று உண்டு என்று சொல்லும்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவனின் துக்கத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியாதவர்கள் எழுதிய சட்டம் இது.

இதை எதிர்த்த வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டில் வந்தபோது, 2025 நவம்பரில், ஆறு மாதம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தீர்ப்பாயமும் மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் அது இடைக்கால உத்தரவு. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். கோர்ட்டு வரை போகாமலே பாராளுமன்றம் 1994ல் செய்ததை மறுபடி செய்யட்டும். வோட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வரும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். கோவிலுக்கு மணி வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் கேட்கவேண்டும்.

ஊருக்குப் போய்விட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். பம்பாய்க்குத் திரும்பித்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. விபத்து நடந்த இடத்திலும் போடலாம், மனுதாரர் வசிக்கும் இடத்திலும் போடலாம், எதிரி வசிக்கும் இடத்திலும் போடலாம். இங்கே இறந்த கணவனுக்காகத் திருநெல்வேலியிலேயே மனைவி மனுப் போடலாம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து, இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும், கொடுங்காயம் பட்டவருக்கு ஐம்பதாயிரமும் அரசாங்க நிதியிலிருந்து உண்டு. போதாத தொகைதான். அதையும் கேட்டு வாங்குவோர் நம்மில் எத்தனை பேர்?

தீர்ப்பாயங்களில் பணம் வந்து கட்டப்பட்டும், வாங்க ஆள் வராமல் கிடக்கும் கொடுமையையும் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கவனித்தது. குடிசை இடிந்து, டிரான்சிட் கேம்ப்புக்கு மாறி, அங்கிருந்து மான்கூர்டுக்குப் போனவருக்குப் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போனால் எப்படிக் கிடைக்கும்? வீடு மாறினால் வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள்.

நம்மில் டாக்சியும் டெம்போவும் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. நாமும் சிலரைப் பின்னாலிருந்து இடிக்கிறோம். பிரீமியம் கட்டாத வண்டி இடித்தால் நட்டஈடு முதலாளியின் தலையில் விழும். அந்த முதலாளி வட்டிக்கு வாங்கி டெம்போ ஓட்டும் நம் ஊர்க்காரராகவே இருப்பார்.

இட்லிக்காரரின் கதையைப் பாதியில் விட்டோம். விபத்து நடந்த ஐந்தாம் மாதம்தான் அவர் சங்கத்துக்கு வந்தார். முதல் தகவல் அறிக்கை இல்லை, ஆஸ்பத்திரிப் பதிவு இல்லை, கையில் ஸ்கேன் மட்டும். புகார் தாமதமாயிற்று என்பதற்காக மட்டும் நட்டஈட்டை மறுக்கக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, மூன்று முறை நடந்து, போலீஸ் நிலையத்தில் பதியவைத்தோம். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மனு ஏறியது. ஜெயிப்பார் என்று சொல்ல மாட்டோம். அந்த மராத்திச் சீட்டை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுத்து நீட்டும். அவர் பக்கம் இருப்பது ஒரே சாட்சி. அன்று காலை பால் பாக்கெட் போட வந்த உத்தரப் பிரதேசத்துப் பையன், கார் எண்ணையும், விழுந்து கிடந்த மொபெட்டையும், இன்னும் சிவப்பாகவே எரிந்த விளக்கையும் தன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். கோர்ட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். வருகிற நாளுக்கு அவனுக்குக் கூலி போகும். அந்தக் கூலியைச் சங்கம் கொடுக்கும்.